இங்கோர் ஓய்வூதியம், அங்கோர் ஓய்வூதியம்

அமெரிக்காவில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றித் தாயகம் திரும்பிய வாடிக்கையாளர்கள், ஓய்வுக்காலம் நெருங்கும் வேளையில் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர். ‘இந்தியாவில் எனக்கு ஓர் ஓய்வூதியம் வருகிறது. அமெரிக்க அரசு தரவேண்டிய முதுமைக்கால ஓய்வூதியம் இதனால் குறையுமா?’ 2023 டிசம்பர் மாதத்துக்குரிய தொகை வரை இதற்கு விடை ‘குறையும்’ என்பதாக இருந்தது. 2024 ஜனவரி மாதத்துக்குரிய தொகையிலிருந்து விடை ‘குறையாது’ என்பதே. இம்மாற்றம் இன்னும் பலருடைய செவிகளுக்கு எட்டவில்லை. ‘எப்படியும் பிடித்துக்கொள்வார்கள்’ என்று எண்ணி விண்ணப்பிக்காமலே இருப்போரும் உளர். ஆகவே இவ்விதழில் இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில், அமெரிக்காவின் சோஷியல் செக்யூரிட்டி எனப்படும் சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஓய்வூதியத்தை எவ்வாறு கணக்கிடுகிறது என்று அறிதல் வேண்டும். ஊழியர் தம் ஊதியத்தில் 6.2 விழுக்காட்டை இத்திட்டத்துக்கான வரியாகச் செலுத்துகிறார். அதே அளவை நிறுவனமும் செலுத்துகிறது. ஓய்வூதியத்தை நிர்ணயிக்கும்போது, வாழ்நாளில் அதிகம் ஈட்டிய 35 ஆண்டுகளின் ஊதியம், காலப்போக்கில் ஊதிய மட்டம் உயர்ந்ததற்கேற்பச் சீர்செய்யப்பட்டு, 420 மாதங்களால் வகுக்கப்படுகிறது. கிடைப்பது மாதச் சராசரி. 12 ஆண்டுகளே அங்குப் பணியாற்றியவருக்கு மீதி 23 ஆண்டுகளும் சுழியமாகவே கணக்கில் சேரும்.

சராசரி முழுவதற்கும் ஒரே விழுக்காடு கிடையாது. 2024இல் 62 வயதை எட்டியவரை எடுத்துக்கொண்டால், சராசரியின் முதல் 1,174 டாலருக்கு 90 விழுக்காடு, அதற்கு மேல் 7,078 டாலர் வரை 32 விழுக்காடு, அதற்கும் மேற்பட்டதற்கு 15 விழுக்காடு. குறைந்த ஊதியத்தில் வாழ்நாளைக் கழித்தவருக்கு முதுமையில் கூடுதல் தாங்கல் வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. சீர்செய்த ஊதியம் மாதம் 6,000 டாலர் என்ற கணக்கில் 12 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவரின் மொத்த ஈட்டம் 8,64,000 டாலர். 420ஆல் வகுத்தால் சராசரி 2,057 டாலர். சூத்திரத்தின்படி முதல் அடுக்கில் 1,057 டாலரும், இரண்டாம் அடுக்கில் 283 டாலரும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 1,339 டாலர் கிடைக்கும். மாதம் 2,057 டாலர் ஊதியத்தில் 35 ஆண்டுகள் உழைத்த ஒரு கடைத் தொழிலாளிக்கும் சரியாக இதே தொகைதான். இருவரில் ஒருவர் வாழ்நாள் முழுதும் வறுமையோடு போராடியவர். மற்றவர் நல்ல ஊதியம் பெற்றுச் சில காலம் மட்டும் அங்கிருந்தவர். இவ்வேறுபாடு சூத்திரத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பழைய விதி செய்தது என்ன?

இதைச் சரிசெய்யும் முயற்சியாக 1983ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தில் விண்ட்ஃபால் எலிமினேஷன் எனப்படும் விதி கொண்டுவரப்பட்டது. எதிர்பாராமல் கிட்டும் மிகைப்பேற்றை நீக்குதல் என்பது அதன் பொருள். சமூகப் பாதுகாப்பு வரி செலுத்தப்படாத பணியிலிருந்து ஒருவருக்கு ஓய்வூதியம் வருமானால், முதல் அடுக்குக்கு 90 விழுக்காட்டுக்குப் பதிலாக 40 விழுக்காடு வரை குறைத்துக் கணக்கிடுவர். அமெரிக்காவிலேயே சில மாநிலங்களின் ஆசிரியர்கள், காவலர்கள், தீயணைப்பு வீரர்கள் ஆகியோர் தனி ஓய்வூதியத் திட்டங்களில் இருப்பதால் இவ்வரியைச் செலுத்துவதில்லை. விதி முதன்மையாக அவர்களைக் கருதியே எழுதப்பட்டது. ஆனால் வெளிநாட்டில் செய்த பணியும் ‘வரி செலுத்தப்படாத பணி’ என்ற வரையறைக்குள் வந்தது. அதனால் நம் ஊழியர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் தரும் ஓய்வூதியம், மத்திய மாநில அரசுகளின் ஓய்வூதியம், வங்கி ஓய்வூதியம் ஆகிய யாவும் அந்த வலையில் சிக்கின.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் முதல் அடுக்குக்கு 40 விழுக்காடு எனக் கொண்டால் 470 டாலர். இரண்டாம் அடுக்கையும் சேர்த்து 752 டாலர். அதாவது 1,339 டாலரிலிருந்து 587 டாலர் குறைந்துவிடும்.

எனினும் அவ்விதியில் ஒரு பாதுகாப்பும் இருந்தது. பிடித்தம், வரி செலுத்தாத பணியின் ஓய்வூதியத்தில் பாதியை மிஞ்சலாகாது. இதை நம்மவர் பலரும் அறிந்திருக்கவில்லை. ஒரு டாலர் 80 ரூபாய் எனக் கணக்கின் எளிமைக்காகக் கொள்வோம். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் 6,000 ரூபாய் பெறுபவருக்கு அது 75 டாலர். ஆகவே பிடித்தம் 37.50 டாலருக்கு மேற்பட்டிருக்க இயலாது. அரசு மருத்துவமனையில் 20 ஆண்டுகள் பணியாற்றி விருப்ப ஓய்வு பெற்று, பின்னர் அமெரிக்கா சென்ற செவிலியர் ஒருவர் இங்கு 40,000 ரூபாய் பெற்றால், அது 500 டாலர். பிடித்தம் 250 டாலர் வரை போகும். இங்கு ஓர் இலட்சம் ரூபாய் பெறும் முன்னாள் பேராசிரியருக்கோ முழு 587 டாலரும் போய்விடும். ஆக, தனியார் துறையில் இருந்து சென்ற மென்பொருள் பொறியாளர்களிடம் இவ்விதி பற்றி நிலவிய அச்சம் பெரிதும் மிகையானது. அரசு, வங்கி, பல்கலைக்கழகப் பணியிலிருந்து சென்றவர்களுக்கே அடி வலுவாக விழுந்தது. அமெரிக்காவில் 20 ஆண்டுகளுக்கு மேல் போதிய ஊதியம் ஈட்டியவர்களுக்குப் பிடித்தம் படிப்படியாகக் குறைந்தது. 30 ஆண்டுகள் முடித்தவர்களுக்குப் பிடித்தமே இல்லை.

இதனுடன் இணைத்துப் பேசப்படும் மற்றொரு விதியும் இருந்தது. கணவன் அல்லது மனைவியின் கணக்கில் கிடைக்கும் தொகையிலிருந்து, தம் சொந்த அரசு ஓய்வூதியத்தின் மூன்றில் இரு பங்கைக் கழிக்கும் விதி அது. அமெரிக்காவின் கூட்டாட்சி, மாநில, உள்ளாட்சி அரசுகள் தந்த ஓய்வூதியத்துக்கே அது பொருந்தியது; இந்திய அரசு ஓய்வூதியத்தை அது தொடவில்லை.

2025 ஜனவரி 5ஆம் நாள் அதிபர் பைடன் கையொப்பமிட்ட சமூகப் பாதுகாப்பு நேர்மைச் சட்டம் இவ்விரு விதிகளையும் நீக்கியது. நீக்கம் 2024 ஜனவரி முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே குறைத்த தொகையைப் பெற்றுவந்தவர்களுக்கு நிலுவை தானாகவே அனுப்பப்பட்டது. 2025 ஜூலைக்குள் 31 இலட்சத்துக்கு மேற்பட்ட வழங்கல்களில் 1,700 கோடி டாலர் சென்றதாக அமெரிக்க நிர்வாகம் அறிவித்தது.

இந்நீக்கம் முற்றிலும் நியாயமானதா என்பதில் எங்களுக்கு ஐயமுண்டு. கடைத் தொழிலாளிக்கென வகுத்த 90 விழுக்காட்டை உயர் ஊதியப் பொறியாளரும் முழுமையாகப் பெறுவது, அத்திட்டத்தின் நோக்கத்தோடு ஒத்துப்போவதன்று. பத்தாண்டுகளில் இதற்கு ஏறத்தாழ 19,600 கோடி டாலர் செலவாகும் என அமெரிக்க நாடாளுமன்றத்தின் நிதிநிலை அலுவலகம் மதிப்பிட்டது. திட்டத்தின் முதுமைக்கால நிதியிருப்பு 2033இல் தீர்ந்துவிடும் என்றும், அதன்பின் வரும் வரி வருவாயைக் கொண்டு உறுதியளித்த தொகையில் ஏறத்தாழ 77 விழுக்காட்டையே வழங்க இயலும் என்றும் 2025ஆம் ஆண்டின் அறங்காவலர் அறிக்கை கணிக்கிறது. அதற்குள் சட்டத்தால் ஏதேனும் செய்வர் என்றே பெரும்பாலோர் எதிர்பார்க்கின்றனர். ஆயினும் 2033க்குப் பின் ஓய்வுபெறும் வாசகர்கள் தங்கள் திட்டத்தில் அத்தொகையைச் சற்றுக் குறைத்தே எழுதிக்கொள்வது நலம்.

இதுவரை விண்ணப்பிக்காதவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. நிலுவை தானாகச் சென்றது, முன்பே விண்ணப்பித்தவர்களுக்கே. முழு ஓய்வு வயதைக் கடந்தும் விண்ணப்பிக்காதிருப்பவருக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து பின்னோக்கி அதிகம் போனால் ஆறு மாதத் தொகையே கிடைக்கும். 70 வயது வரை காத்திருப்பவருக்குத் தொகை கூடும்; அதன்பின் காத்திருப்பதால் கூடுவது எதுவுமில்லை. 1960இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வு வயது 67. 62இலேயே பெறத் தொடங்கினால் 30 விழுக்காடு நிரந்தரமாகக் குறையும்.

நாற்பது புள்ளிகள்

இங்கு வரும் ஓய்வூதியம் அங்குள்ளதைக் குறைக்குமா என்று கவலைப்பட்டவர்களைவிட, அங்கு ஓய்வூதியமே இல்லாமல் போனவர்கள் நம் நாட்டில் மிகுதி. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு 40 தகுதிப் புள்ளிகள் வேண்டும். ஓராண்டில் அதிக அளவாக நான்கு புள்ளிகளே கிடைக்கும். ஆகவே குறைந்தது பத்தாண்டுக் கணக்கு. 39 புள்ளிகள் உள்ளவருக்குக் கிடைப்பது சுழியம். செலுத்திய வரியைத் திரும்பப் பெறவும் இயலாது. ஆண்டுக்கு ஓர் இலட்சம் டாலர் ஊதியத்தில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றித் திரும்புபவர், தம் பங்காக மட்டும் 55,800 டாலரைச் செலுத்தியிருப்பார். நிறுவனத்தின் பங்கு அதே அளவு தனி.

அமெரிக்கா முப்பது நாடுகளளவில் சமூகப் பாதுகாப்பு உடன்பாடு செய்துகொண்டுள்ளது. அத்தகைய உடன்பாடு இருந்தால் இரு நாட்டுப் பணிக்காலத்தையும் கூட்டித் தகுதி காணலாம்; அமெரிக்காவில் ஆறு புள்ளிகள் இருந்தாலே போதும். இந்தியாவுடன் அத்தகைய உடன்பாடு இல்லை. இந்தியத் தரப்பு நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. அது வரும் என்று நம்பித் திட்டமிடுதல் கூடாது. எனினும் ஈட்டிய புள்ளிகள் காலாவதியாவதில்லை என்பதால், பதிவுகளைப் பேணி வைப்பதில் பயனுண்டு.

புள்ளிகளைக் கணக்கிடும்போது இரு இடங்களில் நம்மவர் தவறுகின்றனர். முதலாவது, மாணவராக இருந்த காலம். எஃப்-1 விசாவில் இருப்பவர், பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளில், படிப்புக்குப் பிந்தைய பயிற்சிப் பணிக்கும் இவ்வரியைச் செலுத்துவதில்லை. கையில் முழு ஊதியம் வருவது அப்போது மகிழ்ச்சிதான். ஆனால் அவ்வாண்டுகள் புள்ளிக் கணக்கில் சேரா. பணியில் சேர்ந்த நாளிலிருந்து பத்தாண்டு என்று எண்ணுபவர், உண்மையில் எச்-1பி விசா கிடைத்த நாளிலிருந்து எண்ணவேண்டியிருக்கலாம்.

இரண்டாவது, ஆண்டின் எல்லை. புள்ளிகள் மாதங்களைப் பொறுத்தவை அல்ல. அந்த ஆண்டில் ஈட்டிய தொகையைப் பொறுத்தவை. 2025இல் ஒரு புள்ளிக்கு 1,810 டாலர். நான்குக்கு 7,240 டாலர். 2024 முடிவில் 36 புள்ளிகளோடு இருந்த ஒருவர் அவ்வாண்டு டிசம்பரில் விமானம் ஏறியிருந்தால் அனைத்தும் முடங்கியிருக்கும். அவரே 2025 பிப்ரவரி வரை இருந்து 7,240 டாலர் ஈட்டியபின் புறப்பட்டிருந்தால், மீதி நான்கு புள்ளிகளும் அவ்வாண்டுக்குள் பதிவாகி 40 நிறைந்திருக்கும். கடைசிப் புள்ளி, அக்டோபரில் தொடங்கும் காலாண்டு பிறந்த பின்னரே கணக்கில் ஏறும். அதற்காக அங்கேயே தங்கியிருக்கத் தேவையில்லை. இரண்டு மாத வேறுபாட்டில் ஒரு வாழ்நாள் ஓய்வூதியம் அடங்கியுள்ளது. திரும்புவதற்கான நாளைப் பிள்ளைகளின் பள்ளி ஆண்டை வைத்தே முடிவு செய்கிறோம், தவறில்லை. அதற்குமுன் அமெரிக்க நிர்வாகத்தின் இணையக் கணக்கில் தம் ஊதியப் பதிவையும் புள்ளிகளையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

நம் நாட்டுப் பக்கம்

அமெரிக்க ஓய்வூதியம் வருவதால் இந்திய ஓய்வூதியம் குறையுமா என்று மறுபக்கமாகவும் கேட்கப்படுகிறது. ஊழியர் ஓய்வூதியத் திட்டம், 1995இன் சூத்திரம் மிக எளியது. ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். வேறு வருமானம் எதையும் அது கேட்பதில்லை. ஊதிய வரம்பு 15,000 ரூபாய் என்பதால், 35 ஆண்டுகள் பணியாற்றியவருக்கும், உயர் ஊதிய அடிப்படையைத் தெரிவு செய்தோர் நீங்கலாக, 7,500 ரூபாய் அளவே வரும்.

இங்கும் பத்தாண்டுத் தகுதி உண்டு. வெளிநாடு செல்லும் அவசரத்தில் பலரும் வைப்பு நிதியோடு ஓய்வூதியப் பங்கையும் திரும்பப் பெற்றுவிடுகின்றனர். அவ்வாறு பெற்றால் அதுவரையிலான பணிக்காலம் அற்றுப்போகும். ஆறாண்டுகள் இங்குப் பணியாற்றிச் செல்பவர் பணத்தை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் பெற்று வைத்தால், திரும்பிவந்து செய்யும் பணியை அதனோடு சேர்த்துப் பத்தாண்டை நிறைவு செய்யலாம். இப்போது, அச்சிறு ஓய்வூதியத்தால் அமெரிக்கத் தொகை குறையும் என்ற பழைய காரணமும் இல்லை.

மற்ற நாடுகளின் நிலையைச் சுருக்கமாகக் குறிப்பிடுகிறோம். பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்சு, நெதர்லாந்து, ஜப்பான், தென் கொரியா, கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட பல நாடுகளோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு உடன்பாடு உண்டு. நிறுவனம் குறுகிய காலத்துக்கு அனுப்பும் ஊழியர், வைப்பு நிதி நிறுவனத்திடம் காப்புறுதிச் சான்றிதழ் பெற்றுச் சென்றால் அங்கு இரட்டைச் சந்தா செலுத்தவேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் முதியோர் ஓய்வூதியம் வருமானத்தைச் சோதித்துத் தரப்படுவது. அங்கு வாழ்பவருக்கு இந்திய ஓய்வூதியமும் வருமானமாகவே கணக்கிடப்படும். பிரிட்டனின் அரசு ஓய்வூதியத்தை இந்திய ஓய்வூதியம் குறைப்பதில்லை. ஆனால் இந்தியாவில் வாழ்பவருக்கு ஆண்டுதோறும் வழங்கும் உயர்வு கிடையாது, தொடங்கிய தொகையிலேயே உறைந்து நிற்கும். வளைகுடா நாடுகளின் அரசு ஓய்வூதியத் திட்டங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கானவை. நம்மவர் பெறுவது பணிமுடிவுப் பணிக்கொடையே.

இந்தியாவில் இருந்தபடி பெறுதல்

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் அந்நாட்டுக்கு வெளியே ஆறு மாதங்கள் தொடர்ந்து இருந்தால் ஓய்வூதியம் நிறுத்தப்படும் என்பது பொது விதி. ஆனால் 40 புள்ளிகள் உள்ள இந்தியக் குடிமகனுக்கு இதில் விலக்கு உண்டு. தம் பணிக்கான ஓய்வூதியத்தை இங்கிருந்தே பெறலாம். அவரைச் சார்ந்த மனைவி அல்லது கணவனுக்கான தொகையில் நிபந்தனை கடுமையானது. அவர் இந்தியக் குடியுரிமையோடு இந்தியாவில் வாழ்ந்தால், மணவுறவில் இருந்த காலத்தில் குறைந்தது ஐந்தாண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்திருக்க வேண்டும். கணவர் மட்டும் அங்கிருந்து, மனைவி இங்கேயே பிள்ளைகளை வளர்த்த குடும்பங்கள் நம்மிடையே பல. அத்தகைய குடும்பங்களில், கணவர் மறைந்தபின் அத்தொகை தமக்கு வரும் என்று மனைவி எண்ணியிருக்க, வராமல் போகக்கூடும். ஆயுள் காப்பீட்டையும் சேமிப்பையும் திட்டமிடும்போது இதனைக் கணக்கில் கொள்க.

வரியைப் பொறுத்தவரை, குடியுரிமை இல்லாத வெளிநாட்டு வாசிக்கு வழங்கும் தொகையில் 85 விழுக்காட்டின் மீது 30 விழுக்காடு, அதாவது மொத்தத்தில் 25.5 விழுக்காடு, அமெரிக்காவிலேயே பிடிக்கப்படும். நம் எடுத்துக்காட்டில் 1,339 டாலரில் 341 டாலர் போக, கைக்கு வருவது 998 டாலரளவு. அமெரிக்க அரசு அலுவலகங்களில் செய்த பணிக்குரிய பகுதிக்கு இந்தியக் குடிமக்களுக்கு இப்பிடித்தம் இல்லை. இரு நாட்டு வரி உடன்படிக்கையின் 20ஆம் பிரிவின்படி, சமூகப் பாதுகாப்புத் தொகைக்கு அதை வழங்கும் நாடே வரி விதிக்கலாம். ஆகவே இங்கு மீண்டும் வரி செலுத்தவேண்டியதில்லை. ஆயினும் வருமான வரி அறிக்கையில் வெளிநாட்டு வருமானத்தையும் கணக்குகளையும் காட்டும் கடமை தனியானது. அதனைப் பட்டயக் கணக்கர் ஒருவரைக் கலந்து செய்வதே உகந்தது. தொகையை டாலராகவே வைத்திருக்க விரும்புவோர், தாயகம் திரும்பியோருக்கான அந்நியச் செலாவணிக் கணக்கில் அதனை வரவு வைக்க இயலுமா என்று தம் கிளையில் கேட்டறியலாம்.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் நாம் வாழ்நாள் சான்றிதழ் அளிப்பதைப் போல, அமெரிக்க நிர்வாகமும் வெளிநாட்டில் வாழும் ஓய்வூதியருக்கு ஆண்டுக்கு ஒருமுறை அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை வினாப்படிவம் ஒன்றை அஞ்சலில் அனுப்புகிறது. நிரப்பி அனுப்பாவிடில் ஓய்வூதியம் நின்றுவிடும். வீடு மாறும்போது வங்கிக்கும் எரிவாயு முகவருக்கும் புதிய முகவரியைத் தெரிவிக்கிறோம். அப்பட்டியலில் அமெரிக்க நிர்வாகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.